கணைக்கால்: ஒரு சொல்லின் வரலாறு

உடலுறுப்புக்களைக் குறிக்கும் சொற்கள் ஒரு மொழியின் மிகப் பழைய செல்வங்களுள் அடங்குவன. ஆட்சி மாறினும், சமயம் மாறினும், வணிகம் புதிய பொருள்களையும் அவற்றின் பெயர்களையும் கொண்டுவந்து குவிப்பினும், கண், கை, கால் என்னும் சொற்கள் எளிதில் இடம்பெயர்வதில்லை. ஆயின் அச்சொற்களின் எல்லைகள் அத்துணை உறுதியானவை அல்ல. ஓர் உறுப்பின் பெயர் உடலில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மொழிக்கு மொழி வேறுபடும். ஒரே மொழியினுள்ளும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

கொழும்பு மாநகரின் வடபால், களனி ஆற்றின் தென்கரையை அடுத்துள்ள கிராண்ட்பாஸ் பகுதியில் இவ்வுண்மை நாள்தோறும் புலப்படும். யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்திலிருந்து வந்தோர், தமிழகத்தினின்றும் வந்து குடியேறினோரின் வழியினர், தமிழ் பேசும் முஸ்லிம்கள், சிங்களவர் என்று பல திறத்தாரும் நெருங்கி வாழும் இடம் அது. அங்கு ஒருவர் “கால் நோகுது” என்பார். அடுத்த வீட்டார் “கால் வலிக்குது” என்பார். நோவும் வலியும் வேறுபட்டாலும் இருவரும் கூறுவது கால் என்பதே. ஆனால் அந்நோவு தொடையிலா, முழங்காலிலா, அதன் கீழேயா, பாதத்திலா என்பதை அச்சொல் காட்டாது. இடுப்பிலிருந்து விரல்நுனிவரை யாவும் தமிழில் கால்தான். எனவே முழங்காலுக்கும் பாதத்துக்கும் இடைப்பட்ட பகுதியைத் தனித்துச் சுட்டுவதற்கு ஒரு சொல் வேண்டியதாகிறது. அச்சொல் தமிழில் நெடுங்காலமாகவே உண்டு. அதுவே கணைக்கால்.

இச்சொல்லின் பொருளும் பிறப்பும், மருத்துவக் கலைச்சொல்லாக அது பெற்ற வாழ்வும் ஆராயத்தக்கன. கலைச்சொல்லாக்கம் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் மறக்கப்படும் ஓர் உண்மையை இச்சிறு சொல்லின் வரலாறு தெளிவாக்கும்.

எல்லையும் மயக்கமும்

கணைக்கால் என்பது முழங்காலுக்குக் கீழும் கணுக்காலுக்கு மேலும் அமைந்த பகுதி. முன்புறம் தோலின் கீழ் விளிம்பாகத் தட்டுப்படும் எலும்பும், பின்புறம் திரண்ட தசையும் இதனுள் அடங்கும். பின்புறத் தசையைக் கெண்டைக்கால் என்றும் ஆடுசதை என்றும் வழங்குவர். கணுக்கால் என்பதோ பாதமும் காலும் பொருந்தும் மூட்டு. பரடு, கரண்டை என்பன அம்மூட்டைச் சார்ந்த பிற பெயர்கள்.

இவ்வளவு தெளிவாக இரு சொற்கள் இருந்தும் பேச்சில் மயக்கம் நேர்கிறது. கணைக்கால் எனச் சொல்லக் கேட்டுக் கணுக்காலைத் தொட்டுக் காட்டுவோர் பலர். இம்மயக்கத்துக்கு ஒலியே முதற் காரணம். சொல்லின் இடையிலும் இறுதியிலும் வரும் ஐகாரம் தன் மாத்திரையிற் குறுகும் என்பது இலக்கண நூலார் கண்ட உண்மை. விரைந்த பேச்சிற் கணைக்கால் “கணக்கால்” என்றாகிவிடுகிறது. அவ்வாறு ஆனபின் கணுக்காலுக்கும் அதற்கும் இடையே எஞ்சுவது ஓர் உயிரின் வேறுபாடு மட்டுமே. மலையாளத்திற் கணங்கால் என்னும் சொல் முழங்காலின் கீழ்ப்பகுதியையும், அதனினும் கீழேயுள்ள மூட்டையும் குறிக்க வழங்குவது, இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதற்குச் சான்றாகும்.

செடியும் உடலும்

கணை என்னும் சொல்லுக்கு அம்பு என்பதே இன்று பலரும் அறிந்த பொருள். ஆனால் திரட்சி, உருண்டு நீண்ட வடிவு, தண்டு என்பனவும் அதன் பொருள்களே. அம்புக்குக் கணை என்று பெயர் வந்ததும் அதன் நீண்டு உருண்ட தண்டினாலேயே எனக் கொள்வது பொருந்தும். கன்னடத்திற் கணெ என்பது கோலையும் அம்பையும் ஒருங்கே குறிப்பது இக்கருத்துக்கு அரண் செய்கிறது. கோட்டைக் கதவுக்குப் பின்னே குறுக்காக இடப்படும் திரண்ட மரத்துக்குக் கணையம் என்ற பெயர் உண்டு. அதிலும் இத்திரட்சிப் பொருளே காணப்படுகிறது.

கால் என்னும் சொல்லும் உடலுக்கு மட்டும் உரியதன்று. தாங்கி நிற்பது எதுவும் கால் எனப்பட்டது. பந்தற்கால், கட்டிற்கால், முக்காலி, நாற்காலி என்பன இன்றும் வழக்கில் உள்ளன. நாலில் ஒரு பங்கு கால் எனப்படுவதும் நாற்கால் விலங்கின் ஓர் உறுப்பை எண்ணியே என்பர். வடமொழியிற் பாதம் என்னும் சொல் அடியையும் நாலில் ஒரு பங்கையும் குறிப்பது இதனோடு ஒப்பிடத்தக்கது. மலரைத் தாங்கும் தண்டும் கால்தான். சங்கச் செய்யுட்களில் நெய்தல், ஆம்பல் முதலிய நீர்ப்பூக்களின் திரண்ட தண்டு கணைக்கால் என்றே கூறப்படுகிறது. அங்கே மனிதனின் காலைப் பற்றிய பேச்சே இல்லை. திரண்ட தண்டு என்பதே பொருள்.

இந்நிலையில் ஒரு பொதுமை புலனாகிறது. தமிழர் காலின் உறுப்புக்களுக்கு வழங்கிய பெயர்களுட் பல, செடிகொடிகளின் உறுப்புக்களுக்கும் உரியன. மரத்தின் கீழ்ப்பகுதி அடி; மனிதனின் பாதமும் அடி. நெல்லின் தண்டு தாள். மனிதனின் காலும் தாள். மூங்கிலிலும் கரும்பிலும் உள்ள மூட்டு கணு. பாதத்தின் மேலுள்ள மூட்டு கணுக்கால். பூவின் திரண்ட தண்டு கணைக்கால். முழங்காலின் கீழ்ப்பகுதியும் கணைக்கால்.

கணைக்கும் கணுவுக்கும் உள்ள வேறுபாடும் இங்கே தெளிவாகிவிடுகிறது. கரும்பைக் கையில் எடுப்பவன் கணு எது, கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு எது என்று ஒருபோதும் மயங்கமாட்டான். கணு மூட்டு, கணை தண்டு. மூட்டுக்கு ஒரு பெயரும், மூட்டுக்களின் இடையே நீண்டு கிடக்கும் பகுதிக்கு மற்றொரு பெயரும் இட்டமை வெறும் ஒலி விளையாட்டன்று. காலின் அமைப்பை நன்கு நோக்கியறிந்தோர் செய்த பாகுபாடு அது. உடற்கூற்றியல் பயில்வோர் முதலிற் கற்பதும், மூட்டு எது, மூட்டுக்களை இணைக்கும் நீள் எலும்பு எது என்னும் இப்பாகுபாட்டையே.

இலக்கியத்திற் கணைக்கால்

கால்களாற் பெயர் பெற்ற வேந்தர் இருவர் பழந்தமிழ் வரலாற்றில் உளர். ஒருவன் சோழன் கரிகாலன்; தீயிற் கருகிய காலினன் என்பது அவன் பெயருக்கு மரபாகக் கூறப்படும் விளக்கம். மற்றவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணானுடன் பொருது தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தபோது, கேட்ட தண்ணீர் காலந்தாழ்த்துக் கிடைத்தமையால் அதனைப் பருகாது உயிர் நீத்தான் என்று புறநானூற்று 74ஆம் செய்யுளின் குறிப்பு உரைக்கிறது. அவன் பெயரிலுள்ள கணைக்கால் என்பது திரண்ட காலைச் சுட்டும் உறுப்பு அடைமொழி என்று கொள்ளலாம். பூவின் தண்டுக்கு வழங்கிய சொல் மனிதனின் காலுக்கும் வழங்கியமைக்கு இப்பெயர் பழைய சான்றாகும்.

பிற்காலத்தில் உடலை முறைப்படி வருணிக்கும் மரபு சிற்றிலக்கிய வகையாகவே வளர்ந்தது. கடவுளரைப் பாதம் முதலாகவும் மக்களைத் தலை முதலாகவும் பாடுதல் மரபு. முன்னது பாதாதிகேசம், பின்னது கேசாதிபாதம். இத்தகைய வருணனைகளில் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய இடம் உண்டு. புறவடி, பரடு, கணைக்கால், முழந்தாள், தொடை என்னும் வரிசை புலவர் மனத்தில் நிலைத்திருந்தது. நாட்டு மருத்துவன் கையால் தொட்டறிந்ததைப் புலவன் சொல்லால் தொட்டுச் சென்றான் எனலாம்.

கம்பராமாயணத்து நாடவிட்ட படலத்தில், சீதையின் அடையாளங்களை இராமன் அனுமனுக்குப் பாதந்தொட்டு உரைக்கின்றான். அங்கே கணைக்காலுக்குக் கம்பர் எடுத்தாளும் உவமைகள் மூன்று: சினைகொண்ட வரால் மீன், அம்புகள் செறிந்த ஆவநாழிகை, கதிர் ஈனும் பருவத்து நெற்பயிர். நீரிலும் போர்க்களத்திலும் வயலிலுமாக இவை மூன்றும் வெவ்வேறு இடங்களுக்கு உரியன. எனினும் இவற்றின் வடிவம் ஒன்றே. ஒருபால் திரண்டு மறுபாற் படிப்படியாக மெலிவது. மேலே தசை திரண்டும் கீழே கணுவை நோக்கி மெலிந்தும் செல்லும் கணைக்காலின் உருவம் இதனினும் செம்மையாகக் கூறுதற்கு அரிது. கணைகள் வைக்கும் ஆவநாழிகை கணைக்காலுக்கு உவமையாயிற்று. சொல்லின் பிறப்பும் உவமையின் பொருத்தமும் ஒரே வடிவத்தைச் சார்ந்தே அமைந்தன.

பிறமொழி ஒப்புமை

முழங்காலின் கீழ்ப்பகுதியைத் தனித்துப் பெயரிட்டவர் தமிழர் மட்டும் அல்லர். வடமொழியில் அதன் பெயர் ஜங்கா. சுசுருத சங்கிதை உடலில் 107 மருமங்களைக் கூறி, ஒவ்வொரு காலுக்கும் பதினொன்றாக வகுக்கிறது. ஜங்காவின் நடுவில் அமைந்தது இந்திரபஸ்தி என்னும் மருமம். குல்பம், ஜங்கா, ஜானு, ஊரு என்னும் அந்நூலின் வரிசை, தமிழிற் கணுக்கால், கணைக்கால், முழங்கால், தொடை என்பதோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்துச் செல்கிறது.

மேலைநாட்டு மருத்துவத்தில் இப்பகுதியின் உள்எலும்புக்குத் திபியா என்றும் வெளிஎலும்புக்குப் பிபுலா என்றும் பெயர். இலத்தீனில் திபியா என்பது குழலையும் குறிக்கும். பிபுலா என்பது ஆடையைப் பூட்டும் ஊசிக்குப் பெயர். இரு எலும்புகளும் இணைந்த தோற்றம், பூட்டூசியின் உருவை ஒத்திருத்தலின் அப்பெயர் பெற்றது. கணைக்காலின் பின்தசைக்குக் கிரேக்கர் இட்ட பெயரின் பொருள் காலின் வயிறு என்பதாகும். தமிழில் அது கெண்டைக்கால். அத்தசையின் புடைப்பைக் கெண்டை மீனின் உருவத்தோடு பொருத்தி விளக்குவர். தெலுங்கிற் கண்ட என்னும் சொல் தசையைக் குறிப்பதை நோக்க, கெண்டை என்பதும் தசையைக் குறித்த ஒரு பழஞ்சொல்லாகலாம் என எண்ணவும் இடமுண்டு.

உரோமர் குழலைக் கண்டனர். தமிழர் தண்டைக் கண்டனர். ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் பெற்றனர் என்று கூற இங்கு ஏதுமில்லை. ஒரே உறுப்பை நோக்கிய வெவ்வேறு மக்கள், தத்தம் கைக்கு எட்டிய பொருள்களைக் கொண்டு அதற்குப் பெயரிட்டனர் என்பதே உண்மை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் லெக் என்னும் சொல் பொது வழக்கில் கால் முழுவதையும் குறிக்கும். ஆனால் உடற்கூற்று நூல்களில் அது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டுமே குறிக்கும். ஒரே சொல்லுக்கு வீதியில் ஒரு பொருள், கல்லூரியில் மற்றொரு பொருள். உறுப்புக்களின் பெயர்கள் நூலுக்கு நூல் மாறி, ஏறத்தாழ 50,000 பெயர்களாகப் பெருகிவிட்ட நிலையில், 1895இல் பாசல் நகரிற் கூடிய உடற்கூற்று அறிஞர்கள் அவற்றை ஏறக்குறைய 5,000 ஆகக் குறைத்து ஒழுங்கு செய்தனர். பெயர்க் குழப்பம் வளரும் மொழிகளுக்கு மட்டும் உரிய இடர் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. தமிழ் இவ்விடயத்திற் பேறுபெற்றது. பொதுச் சொல்லாகிய காலும் சிறப்புச் சொல்லாகிய கணைக்காலும் அதில் ஏற்கெனவே பிரிந்து நின்றன.

மானிப்பாயும் கொழும்பும்

மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கும் பெருமுயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மாசாசூசெற்சு மாநிலத்தில் 1822இற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் இலங்கை வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி ஆற்றினார். 1842இல் மானிப்பாய் அகராதி அச்சேறிய ஊர் அது. சொற்களைத் தேடித் தொகுக்கும் முயற்சி அங்கு முன்னரே வேர்கொண்டிருந்தது. கிறீன் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மாணவரும் தமிழறிந்தோரும் துணைநிற்க, ஆங்கில மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். 1867இல் இரண வைத்தியம் வெளிவந்தது. இலண்டனில் 1858இல் முதன்முதல் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூல், 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரோடு தமிழ் வடிவம் பெற்றது.

அந்நூற்பெயர்களே அக்காலச் சொல்லாக்கத்தின் போக்கைக் காட்டும். அங்காதிபாதம் என்பது கேசாதிபாதம் என்னும் இலக்கிய மரபை நினைவூட்டுகிறது. சுகரணம் என்பது வடசொல். கெமிஸ்தம் என்பது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு சேர்த்து ஆக்கியது. கிடைத்த வழிகள் யாவற்றையும் கிறீன் கையாண்டார். 1873இல் அவர் தாயகம் திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கில வழியிலேயே நடந்தது. கெமிஸ்தம் வழக்கொழிந்தது, சுகரணமும் அங்காதிபாதமும் நூலகங்களில் ஒடுங்கின. ஆயினும் அவர் காலத்துக்கு முன்னரே மக்கள் நாவில் இருந்த கணைக்கால், தொடை, முழங்கால் என்னும் சொற்கள் எவர் ஆதரவும் இன்றி வாழ்ந்தன. 1967இல் கவிஞர் அம்பி கிறீனின் பணியை நினைவுகூர்ந்து எழுதிய நூலுக்குக் கிறீனின் அடிச்சுவடு என்று பெயரிட்டமை, இங்குப் பொருத்தமாகவே அமைகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சி மீண்டும் தலையெடுத்தது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் சொல்லாக்க மாநாடு 1936இல் விபுலானந்த அடிகள் தலைமையிற் கூடியது. மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த அவ்வடிகள், பின்னர் 1943இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1950களிலும் 1960களிலும் தாய்மொழிவழிக் கல்வி உயர் வகுப்புக்களுக்கு விரிந்தபோது, கொழும்பில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவ்வழி வந்த இலங்கைப் பாடநூல்களில் தொடையென்பு, முழங்காற்சில்லு, கணைக்காலுள்ளென்பு, கணைக்கால்வெளியென்பு என்னும் பெயர்கள் இடம்பெற்றன. இங்கே கணைக்கால் என்ற பழஞ்சொல்லை எவரும் புதிதாக ஆக்கவில்லை. உள், வெளி என்னும் இரு எளிய அடைகளைச் சேர்த்து, இரு எலும்புகளையும் பிரித்துக் காட்டினர்.

அதே நகரத்தில் உருவான சிங்களக் கலைச்சொற்கள் வேறு வழியிற் சென்றன. திபியாவுக்கு ஜங்காஸ்தி என்றும் பிபுலாவுக்கு அனுஜங்காஸ்தி என்றும் அமைந்த வடமொழிவழிச் சொற்களைச் சிங்களம் ஏற்றது. தமிழரும் வடமொழியை முற்றும் விலக்கினர் அல்லர். பாதத்தின் நடுவெலும்புகளை அனுகணுக்காலென்பு என்று பெயரிட்டமையில் அனு என்பது வடமொழி முன்னொட்டே. ஆனால் பேச்சில் உயிருள்ள சொல் இருந்த இடத்தில் அதனையே தமிழ்க் குழுவினர் அடிப்படையாகக் கொண்டனர்.

சொற்கள் கடக்கும் துறை

கிராண்ட்பாஸ் என்னும் பெயரே சொற்களின் பயணத்துக்கு ஒரு சான்று. களனி ஆற்றைக் கடக்கும் பெருந்துறை இருந்த இடத்தைப் போர்த்துக்கேயர் பெருங்கடவை என்னும் பொருள்படத் தம் மொழியிற் கிராண்ட் பாஸ்ஸோ என்றனர். 1822இல் அங்கு மிதவைப் பாலம் அமைந்தது. 1895இல் விக்டோரியா பாலம் அதன் இடத்தைப் பெற்றது. துறை மறைந்தும் பெயர் மறையவில்லை. ஆனையிறவை எலிபன்ட் பாஸ் என ஆங்கிலத்தில் வழங்குவதிலும் உள்ளது இச்சொல்லே. இதன் மூலமாகிய இலத்தீன் பாஸுஸ் என்பதன் பொருள் காலடி என்பதாகும். உரோமர் ஆயிரம் பாஸுஸ் தொலைவையே மைல் என்றனர். காலின் வீச்சைக் குறித்த சொல் வழியின் பெயராகி, துறையின் பெயராகி, ஈற்றில் ஓர் ஊரின் பெயராயிற்று.

இவ்வூருக்கும் தமிழுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1930 ஆகஸ்ட் 6இல் தொடங்கிய வீரகேசரி நாளிதழ் நெடுங்காலம் கிராண்ட்பாஸ் வீதியிலிருந்தே அச்சாகி நாடெங்கும் சென்றது. சொற்றொகுதிகளில் அடங்கிக் கிடக்கும் கலைச்சொல் மக்களை அடைவது பாடநூலாலும் நாளிதழாலுமே. குழு ஆக்கியதை எழுதுவோர் கையாளாவிடின், அச்சொல் பிறந்தும் பிறவாததே ஆகும்.

இங்குள்ள நடைமுறைச் சிக்கல் சிறிதன்று. உயர்தர வகுப்பிற் கணைக்காலுள்ளென்பு எனத் தமிழிற் கற்கும் மாணவன், மருத்துவ பீடத்தில் நுழைந்ததும் அதனைத் திபியா என ஆங்கிலத்திற் கற்கிறான். பட்டம் பெற்றபின் நோயாளியின் முன் அமரும்போது, அவ்விரண்டு சொல்லும் அவனுக்கு உதவுவதில்லை. நோயாளி அறிந்தது கால், முழங்கால், கெண்டைக்கால் என்பனவே. முறிவு கணைக்காலிலா கணுக்காலிலா என்பது தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டால், தொலைபேசியிற் கூறும் செய்தியும் மருந்துச் சீட்டின் குறிப்பும் பிழைபடும். சிங்கள மருத்துவரிடம் தமிழர் செல்லும்போதோ ஜங்காஸ்தியும் பயன்படாது, கணைக்காலுள்ளென்பும் பயன்படாது. ஆனால் கெண்டைக்காலைச் சிங்களவரும் கெண்டா என்றே வழங்குவர். கற்றோர் ஆக்கிய பெயர்கள் பிரிந்து நிற்க, மக்கள் பெயர் இரு மொழியினரையும் இணைக்கிறது.

தமிழ்ப் பகுதிகளுக்கிடையேயும் இத்தகைய பிரிவு நேர்ந்துள்ளது. தமிழகத்தார் கணையம் எனக் கூறும் உறுப்பை இலங்கைப் பாடநூல்கள் சதையி என்கின்றன. தமிழகம் எலும்பு என்கிறது. இலங்கை என்பு என்கிறது. இரண்டும் நல்ல தமிழே. ஆயினும் ஒரு நாட்டின் மருத்துவ நூலை மறுநாட்டு மாணவன் எடுத்துப் படிக்கத் தடுமாறுவானாயின், இரு பக்கத்து உழைப்பும் பாதி வீணாகும்.

முடிவாக

கணைக்கால் என்பது பூந்தண்டிலிருந்து உடலுக்கு வந்து, வேந்தன் ஒருவனின் பெயரில் நிலைத்து, கம்பரின் உவமைகளில் உருப்பெற்று, மருத்துவ நூல்களிற் புகுந்து, பாடநூல்களில் எலும்புகளின் பெயருக்கு அடியாகி நிற்கும் சொல். அதன் நீண்ட வாழ்வுக்குக் காரணம் அதனை எவரும் வகுப்பறையில் உருவாக்காமையே. கலைச்சொல் ஆக்குவோர் முதலில் செல்லவேண்டிய இடம் அகராதி அன்று. வயலும் வீதியும் மருத்துவமனை வாயிலுமே. அங்கே உள்ள சொல்லை எடுத்து, அதன் எல்லையை வரையறுத்து, மயக்கம் நேரும் இடத்தை விளக்கிக் கற்பிப்பதே ஆக்குவோரின் முதற் கடமை. இல்லாத இடத்தில் மட்டுமே புதியது வேண்டும்.

கணு மூட்டு, கணை தண்டு என்று ஆசிரியர் ஒரு கரும்புத் துண்டைக் காட்டிச் சொல்லிவிட்டால், பள்ளி மாணவனும் அதனை மறவான். அவன் நாளை மருத்துவனாகும்போது கிராண்ட்பாஸில் சுமை தூக்கி நோகும் காலோடு வரும் தொழிலாளியிடம் உரிய இடத்தை உரிய சொல்லாற் கேட்பான். அவரும் உரிய இடத்தைக் காட்டுவார்.